எத்தனை பேர் படுக்கும் அறை

கண்டியில் ஏசி வாங்கப் போகிறேன் என்று சொன்னால் யாரும் முதலில் நம்புவதில்லை. மாநகர சபையில் எனக்குப் பக்கத்து மேசையில் இருக்கும் கிளார்க் பெண், "அக்கா, இந்த ஊர்ல காலையில குளிக்கவே சுடுதண்ணி வைக்கிறோம். ஒங்களுக்கு எதுக்கு ஏசி?" என்று கேட்டாள். அவள் வீடு தெல்தோட்டைப் பக்கம், குளிர் மலைக்கு மேலே. அங்கே இருந்துகொண்டு அப்படித்தான் பேசத் தோன்றும்.

எங்கள் வாடகை வீடு ஏரிக்கு மேலே, உடவத்தகெலே காட்டின் ஓரத்தில் இருக்கிறது. முகவரியைக் கேட்டாலே ஆட்களுக்குப் பொறாமை வரும். காட்டோரம், குளுகுளு என்று இருக்குமே என்பார்கள். காடு இருக்கும் இடத்தில் குரங்கும் இருக்கும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்வருவதற்குள் காலைச் சாப்பாட்டுக்கு மேசைமேல் வைத்த பாண் கூரைமேல் இருக்கும். ஒருமுறை ஜன்னலுக்கு மேலே உள்ள காற்றுத் துவாரம் வழியாக ஒரு குட்டி உள்ளே இறங்கி, சாமிப் படத்துக்கு வைத்த வாழைப்பழத்தை எங்கள் கட்டிலில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து அது பயப்படவும் இல்லை. அன்றைக்கே என் வீட்டுக்காரர் அந்தத் துவாரத்தைப் பலகை வைத்து ஆணியடித்து மூடிவிட்டார். அவர் டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் ஸ்டோர் கீப்பர். பலகைக்கும் ஆணிக்கும் எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை.

ஆகவே எங்கள் படுக்கையறை காட்டோரத்தில் இருக்கும் ஒரு மூடிய பெட்டி. பங்குனி வெயிலில் அது அடுப்பில் ஏற்றிய இட்லிச் சட்டி மாதிரி ஆகிவிடும். இத்தனை வருடம் அதையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். பொறுக்க முடியாமல் போனது போன வருடக் கடைசியில். மாதவிடாய் நிற்கிற வயது வந்தது. கழுத்துக்குக் கீழே யாரோ நெருப்புக்குச்சி கிழித்தது போலத் தொடங்கி, முகம், காது, உச்சந்தலை என்று சூடு ஏறும். சட்டை நனைந்துவிடும். பிறகு தானாக அடங்கும். அரை மணி நேரத்தில் மறுபடியும் வரும். ஆஸ்பத்திரி லேடி டாக்டர் சிரித்துக்கொண்டே, இது வருத்தம், நோய் ஒன்றுமில்லை, ஒன்றிரண்டு வருடம் இருக்கும், அறையைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். சொல்வது சுலபம்.

என் வீட்டுக்காரர் என் நிலைமைக்கு நேர் எதிர். புசல்லாவையில் பிறந்து வளர்ந்தவர். ஆனால் அந்தக் குளிரில் வளர்ந்தும் குளிர் ஒத்துக்கொள்ளாத ஆள். சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. சித்திரை மாதத்திலும் கம்பளிக் குல்லாவோடுதான் படுப்பார். தலைக்கு மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றினால் நெஞ்சு கட்டிக்கொள்ளும், விடிய விடிய இருமல். நான் ஃபேனைக் கூட்டினால் அவருக்கு ஆகாது, குறைத்தால் எனக்கு ஆகாது. தைப்பொங்கல் கழிந்த வாரம் அவர் தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். "ரெண்டு நாளைக்குப் பாப்போம் புள்ள" என்றார்.

முதலில் தலையணை போனது. பிறகு போர்வை போனது. ஒருநாள் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் விளிம்பில் அவர் எப்போதும் வைக்கும் தைலப் போத்தலைக் காணவில்லை. ஹாலில் ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு மனுஷன் தைலப் போத்தலைக் கொண்டுபோய் வைத்துவிட்டார் என்றால், அந்த இடம் அவருக்குச் சொந்தமாகிவிட்டது என்று அர்த்தம்.

இருபத்தேழு வருடம் ஒரே கட்டிலில் படுத்த ஆட்கள் நாங்கள். சண்டை போட்ட நாட்களிலும் முதுகைக் காட்டிக்கொண்டு அதே கட்டிலில்தான் படுத்தோம். இப்போது சண்டையே இல்லாமல் ஆளுக்கொரு அறை. அறைக் கதவுக்கு மேலே மரச்சட்டம் போட்ட ஒரு காற்றுவழி உண்டு. பழைய வீடுகளில் எல்லாம் இருக்குமே, அதுதான். அதன் வழியாகத்தான் எங்கள் பேச்சு. "முன் கேட்டப் பூட்டுனீங்களா?" என்று நான் கேட்பேன். "ம்" என்று அங்கிருந்து வரும். அவர் இருமினால் எனக்குக் கேட்கும். நான் எழும்பி நடந்தால் "என்ன, வேர்க்குதா?" என்று குரல் வரும். அதோடு சரி.

அவர் திரும்பி அறைக்கு வர வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அதைச் சொல்வதில் இன்றைக்கு எனக்கு வெட்கம் இல்லை. அன்றைக்கு இருந்தது. தோளுக்கு மேல் வளர்ந்த மகள் கொழும்பில் வேலை பார்க்கிறாள், நானோ வந்து பக்கத்தில் படுங்கள் என்று புருஷனைக் கூப்பிட வேண்டும். வாய் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் மகள் போனில் ஏசி பேச்சை எடுத்தாள். சுவரில் துளை போட வீட்டுச் சொந்தக்கார அம்மா விடமாட்டார் என்று நான் சொன்னதும், "அதுக்குத்தாம்மா தள்ளிக்கிட்டுப் போற ஏசி இருக்கு. கீழ உருள்ற சில்லு. பின்னால யானைத் தும்பிக்க மாதிரி ஒரு பைப். அத ஜன்னலுக்கு வெளிய விட்டா போதும். சுவரத் தொடவே வேணாம்" என்றாள்.

என் மூளை வேகமாக வேலை செய்தது. ஃபேன் என்றால் காற்று அடிக்கும். ஏசி அப்படித் தலைக்கு மேலே அடிக்காது, அறை மட்டும் குளிரும். அவர் குல்லா போட்டுப் போர்த்திக்கொண்டு படுத்தால் இருமல் வராது. எனக்கும் வேர்க்காது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று கணக்குப் போட்டேன். ஆனால் இந்த இரண்டாவது மாங்காயைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை. "எனக்கு ஏசி ஒண்ணு வாங்கணும்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. உடனே இஞ்சி டேப்பை எடுத்து அறையை அளந்தார். நீளம், அகலம், உயரம், ஜன்னல், கதவுக்கும் நிலைக்கும் நடுவில் உள்ள இடைவெளி. என்னை ஒரு கதிரையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி மேலே ஏறிக் கூரைப் பலகையைத் தட்டிப் பார்த்தார். இவ்வளவு ஆசையாக அளக்கிறாரே, அவருக்கும் திரும்பி வர மனசு இருக்கிறது போல என்று நான் உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன்.

சனிக்கிழமை அக்குறணைக்குப் போனோம். அங்கே ஒரு மின்சாமான் கடைக்காரர் என் வீட்டுக்காரருக்கு வியாபார வழியில் பழக்கம். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி இவரும் அவரை நாநா என்றுதான் கூப்பிடுவார். எங்களைக் கண்டதும் கடைக்காரர் எழும்பி வந்து, "வாங்க, வாங்க. ஊட்டுல எல்லாரும் சொகமா?" என்று விசாரித்து, இரண்டு கதிரை போட்டு, பிளேன்டீக்குச் சொல்லிவிட்டுத்தான் வியாபாரத்துக்கு வந்தார்.

அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் என் வீட்டுக்காரர் டக் டக்கென்று பதில் சொன்னார். அறை எத்தனை அடி, கூரைக்குக் கீழே பலகை இருக்கிறதா, காலை வெயிலா மாலை வெயிலா. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"சரி, ரூம்ல எத்தின பேர் படுப்பீங்க?" என்று கடைக்காரர் கேட்டார். "ஆள் கூடினா சூடும் கூடும். அதப் பாத்துத்தான் சின்ன மெஷினா பெரிய மெஷினாண்டு சொல்ல ஏலும்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மெஷினின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே, "ஒராள்தான் நாநா" என்றார்.

கொஞ்சமும் யோசிக்கவில்லை. அறையின் அகலத்தைச் சொன்ன அதே குரலில் சொன்னார். எதிரே ரைஸ் குக்கர்கள் அடுக்கியிருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அப்ப சின்னது போதும்" என்றார் கடைக்காரர். காட்சிக்கு வைத்திருந்த ஒன்றையே கைகாட்டினார். "இத கொண்டு போய் ஊட்டுல வெச்சிப் பாருங்க. பழைய ஊடுகளுக்கு இது சரிவரும்டு என்னால சத்தியம் பண்ண ஏலாது. சரிவரல்லாட்டி திருப்பிக் கொண்டாங்க. நம்ம ஆள்தானே."

ஹாட்வெயார் கடையில் கேட்டு வாங்கிய வேனில், ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். "என்ன புள்ள, தலவலியா?" என்று அவர் இரண்டு தரம் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லை என்று நான் சொன்னால் ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். என்ன என்றுதான் தெரியாது.

மறுநாள் ஞாயிறு. மெஷினோடு வந்த பிளாஸ்டிக் தட்டு, பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற ஜன்னலுக்குச் செய்தது. எங்களுடையது வெளிப்பக்கம் திறக்கிற பழைய மரக்கதவு ஜன்னல், அதில் வரிசையாக இரும்புக் கம்பி. யானைத் தும்பிக்கை கம்பிக்குள் நுழையவில்லை. அவர் தாடையைச் சொறிந்துகொண்டு நின்று யோசித்துவிட்டு, ஜன்னலுக்கு மேலே தான் ஆணியடித்த பலகையைக் கழற்றினார். பைப் எட்டுவதற்காக மெஷினை ஒரு டிரங்குப் பெட்டிமேல் தூக்கி வைத்தோம்.

பலகை கழன்றதும் காட்டுப் பக்கமிருந்து ஒரு காற்று உள்ளே வந்தது. ஈரமான, இலை வாசனையுள்ள காற்று. அலுமாரிமேல் இருந்த பழைய பேப்பர் ஒன்று புரண்டது. இந்த அறைக்குள் காற்று வரும் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் வட்டமாகத் துளை போட்ட ஒரு பலகையை அங்கே பொருத்தி, பைப்பை அதில் செருகிவிட்டார்.

நான் பிளேன்டீ ஊற்றப் போனேன். இரண்டு கோப்பையோடு திரும்பி வந்து பார்த்தால், அவர் கதிரைமேல் நின்று, கதவுக்கு மேலே உள்ள மரச்சட்டக் காற்றுவழியைக் காட்போட் மட்டையால் மூடி, சுற்றிவர டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் பேசிக்கொள்ளும் அந்தக் காற்றுவழியை.

"என்ன செய்றீங்க?"

"இத மூடலன்னா குளிரெல்லாம் ஹாலுக்கு வந்துரும் புள்ள. மெஷின் சும்மா ஓடிக்கிட்டே இருக்கும்."

டேப்பை ஒரு சுருக்கம் இல்லாமல் விரலால் நீவி நீவி ஒட்டினார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. கோப்பைகளை மேசைமேல் வைத்த வேகத்தில் தேநீர் சிந்தியது.

"யாருக்கு இந்த மெஷின்?"

"என்ன கேள்வி இது. ஒனக்குத்தான்."

"எனக்கு மட்டுமா? ஃபேன் காத்து ஆகாதுன்னுதானே போனீங்க. இதுல காத்து அடிக்காது, நீங்க வந்து படுக்கலாம்னுதான் நான் இதுக்கே ஆசப்பட்டேன். நீங்க என்னடான்னா ஒராள் ஒராள்னு கடையில சொல்றீங்க. இப்ப இருக்கிற ஓட்டையையும் அடைக்கிறீங்க."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. முகம் எரிந்தது. அது அந்த வயதுச் சூடா, வெட்கச் சூடா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அவர் கதிரையிலிருந்து மெதுவாக இறங்கினார். டேப் உருளை கையில் இருந்தது. "நீ வேர்த்து நனைஞ்சு எழும்புவ. நான் ஒரு தரம் இருமுனா, கைய நீட்டி ஃபேன கொறைப்ப. அப்புறம் ஒக்காந்து பேப்பரால விசிறிக்குவ. நான் தூங்குறேன்னு நெனச்சிக்கிட்டு. அத எத்தன நாளைக்குப் பாக்கிறது? அதான் போனேன்."

"அத அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ போக விட்டிருக்க மாட்ட."

அது உண்மைதான். நான் சிந்திய தேநீரைத் துணியால் துடைத்தேன். அவர் தன் கோப்பையை எடுத்துக் குடித்தார். அந்த மாதிரி நேரத்தில் ஆம்பிளைகள் செய்கிற வேலையை அவரும் செய்தார். மெஷினைப் போட்டார்.

குளிர்ந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் சத்தம், வீட்டு வாசலில் லொறி ஒன்றை ஸ்டார்ட்டிலேயே நிறுத்தியிருப்பது மாதிரி. அவர் ஸ்வெட்டரையும் குல்லாவையும் மாட்டிக்கொண்டு, எனக்காகக் கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மூக்கு சிவந்தது. மூன்று தும்மல் போட்டார். தலைக்கு மேலே காற்று அடிக்காத குளிரும் அவருக்கு ஆகாது என்று அப்போதுதான் விளங்கியது. என் இரண்டாவது மாங்காய் கை தவறிப்போனது அங்கேதான்.

"பைப் வெளிய சரியா நிக்குதான்னு பாத்துட்டு வாறேன்" என்று எழும்பிப் போனார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. பங்குனி மாதத்து மழை பின்னேரமானால் வரும், கேட்டுக்கொண்டு வராது. போன ஆளைக் காணோம். நான் மெஷினை ஓடவிட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன்.

கூரைத் தாழ்வாரத்துக்குக் கீழே, பைப் வெளியே நீட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு நேரே, சுவரில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தார். உள்ளே இருந்து இழுத்த சூடு முழுவதும் அந்தப் பைப் வழியாக அவர் தோளில் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்துக் குளியலறைக் கூரையில் குரங்குகள் ஒரு வரிசையாக உட்கார்ந்திருந்தன. நனைந்து, மயிர் ஒட்டி, குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாம் பைப் பக்கமாகவே முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. அவற்றோடு சேர்ந்து குல்லா போட்ட என் புருஷன்.

"சத்தம் போடாத புள்ள" என்றார் மெல்ல. "இந்தப் பக்கம் நல்லாருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்து அடக்க முடியவில்லை. நிலைப்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரித்தார். காசு கொடுத்து வாங்கப்போகிற ஒரு மெஷின், என்னை உள்ளேயும் அவரை வெளியே குரங்குகளோடும் நிறுத்தியிருந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே எனக்கு அழுகை முட்டியது. இந்த வீட்டுக்கு இது சரிவராது என்று அந்த நிமிஷம் முடிவு செய்தேன்.

மிச்சத்தைக் குரங்குகள் முடிவு செய்தன. பெரியது ஒன்று தாவி வந்து பைப்புக்குள் கையை விட்டுப் பார்த்தது. பிறகு இரண்டு கையாலும் பிடித்து இழுத்தது. பைப் மெஷினிலிருந்து கழன்று, பலகைத் துளை வழியாக முழுதாக வெளியே வந்தது. அவர் குல்லாவைக் கழற்றி வீசி விரட்ட, அது பைப்பைப் போட்டுவிட்டுக் குல்லாவைத் தூக்கிக்கொண்டு ஓடியது. நாங்கள் உள்ளே ஓடி மெஷினை நிறுத்துவதற்குள், வெளியே போயிருக்க வேண்டிய சூடெல்லாம் அறைக்குள் இறங்கிவிட்டது.

அந்த வாரத்தில் அவர் கடையிலிருந்து கெட்டியான கம்பி வலை கொண்டுவந்தார். ஜன்னலுக்கு மேலே பழைய பலகையைத் திரும்ப அடிக்காமல் அந்த வலையை அடித்தார். காட்டுக் காற்று வந்தது, குரங்கு வரவில்லை. கதவுக்கு மேலே ஒட்டிய மட்டையையும் நான் சொல்லாமலே பிய்த்தெடுத்தார். அறை முன்னைப்போல் வேகவில்லை. ஆனால் எனக்குள்ளே எழும்புகிற சூட்டுக்கு அந்தக் காற்று மட்டும் போதவில்லை, ஃபேனும் வேண்டியிருந்தது. ஃபேன் சுற்றியது. அவர் ஹாலில்தான் படுத்தார். தைலப் போத்தல் ரேடியோவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. சொல்ல வேண்டியதை ஒருமுறை சொல்லிவிட்டேன், இரண்டாம் தரம் கேட்க என் வாய் வராது என்று நானும் வீம்பாக இருந்தேன்.

சனிக்கிழமை மெஷினை வேனில் ஏற்றிக்கொண்டு அக்குறணைக்குப் போனோம். குரங்குக் கதையைக் கேட்டுக் கடைக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "பைப்பக் கடிக்கல்ல தானே?" என்று கேட்டுப் பார்த்துக்கொண்டு, மறுபேச்சில்லாமல் எடுத்து உள்ளே வைத்தார். "அப்ப வேற என்ன தரட்டும்?"

திரும்பிப் போவோம் என்று நான் எழும்பினேன். என் வீட்டுக்காரர் எழும்பவில்லை.

"ஒரு ஃபேன் வேணும் நாநா. கீழ நிக்கிற ஃபேன்."

"அது நெறய இரிக்கி. இதப் பாருங்க, நாலா பக்கமும் சுத்தி அடிக்கும்."

"சுத்தக்கூடாது" என்றார் அவர். சட்டைப் பையிலிருந்து இஞ்சி டேப்பை எடுத்தார். கடைக்காரருக்கு முன்னால் அதை இழுத்து, கட்டிலின் அகலத்தைக் காட்டி, நடுவில் விரலை வைத்தார். "காத்து இதுவரைக்கும்தான் வரணும். கூரையில இருக்கிறத கழட்டிரப் போறேன். அது ரெண்டு பேருக்கும் சேத்து அடிக்குது. இந்தப் பாதியில அவ. இந்தப் பாதியில நான் படுக்கணும்."

நான் சட்டென்று ரைஸ் குக்கர்கள் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அக்கா அண்டைக்கும் அதத்தான் பாத்துக்கொண்டு நிண்டீங்க" என்றார் கடைக்காரர். "ஒண்டு பேக் பண்ணட்டா?"

வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.